எட்டு ஆண்டு வறட்சி
பண்டித ரமாபாய் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பகுதி

மும்பையிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறும் நம்மவர்கள், புனேயைத் தாண்டி தவுண்ட் ஜங்ஷன் வருவதற்கு முன் கேட்காவ் என்ற சிறிய ஸ்டேஷனைக் கடந்து போகிறார்கள். விரைவு வண்டிகள் பலவும் அங்கே நிற்பதில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற மும்முரத்தில் யாரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் இல்லை.

அந்த ஊரில்தான் முக்தி மிஷன் இருக்கிறது. அதை நிறுவியவர் பண்டித ரமாபாய் அம்மையார். விதவைகளின் கல்விக்காகப் பாடுபட்டவர், சமஸ்கிருத விதுஷி, வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தவர் என்று அவரைப் பலரும் அறிவார்கள். 1989ஆம் ஆண்டு அவர் படத்துடன் தபால் தலையும் வெளியாயிற்று.

ஆனால் அந்த அம்மையார் கிறிஸ்தவரான பிறகும் எட்டு ஆண்டு காலம் உள்ளுக்குள் வறண்டு கிடந்தார் என்பது பலருக்குத் தெரியாது. ஞானஸ்நானம் பெற்றாகிவிட்டது. வேதாகமம் கையில் இருந்தது. உலகமே வியக்கும் சேவையும் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் கடவுள் எங்கோ தொலைவில் இருப்பதாகவே அவருக்குப் பட்டது. பின்னாளில் அவரே இதை ஒளிக்காமல் எழுதி வைத்தார்.

காட்டில் பிறந்தவர்

ரமாபாய் பிறந்தது 1858 ஏப்ரல் 23இல். இடம், இன்றைய கர்நாடகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள கங்காமூலம் என்ற காடு. தந்தை அனந்த சாஸ்திரி டோங்கரே, சித்பாவன பிராமணர், பெரிய சமஸ்கிருத வித்வான். தம் மனைவி லட்சுமிபாய்க்கு அவர் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று சுற்றத்தாரும் ஊராரும் எதிர்த்தார்கள். சாஸ்திரியார் வளைந்து கொடுக்கவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்க் குடியேறினார். அந்தத் தாயிடம்தான் ரமாபாய் எட்டு வயதில் பாடம் கேட்கத் தொடங்கினார்.

காலப்போக்கில் சொத்து கரைந்தது. குடும்பம் யாத்திரை கிளம்பியது. கோவில் கோவிலாகப் போய்ப் புராணம் படிப்பார்கள். கேட்பவர்கள் கொடுக்கும் காணிக்கையில் வயிறு வளர்ப்பார்கள். பதினைந்து வயதுக்குள் பாகவதத்தின் ஆயிரக்கணக்கான சுலோகங்கள் ரமாபாய்க்கு மனப்பாடம்.

1870களில் தென்னாட்டைப் பஞ்சம் பிடித்தது. கொடுக்க யாரிடமும் எதுவும் இல்லை. உடலுழைப்புக்கு இவர்கள் பழகவில்லை. பிச்சை கேட்கவும் மனம் வரவில்லை. கையில் மிச்சமிருந்த பொருளையும் பூஜைக்கும் தானத்துக்குமே செலவிட்டார்கள். தெய்வம் கைவிடாது என்று காத்திருந்தார்கள். திருப்பதி மலையை அடுத்த காட்டில் பதினொரு நாள் தண்ணீரும் இலையும் ஒரு கைப்பிடி காட்டு ஈச்சம்பழமுமே ஆகாரம். திருப்பதி அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்த வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது.

1874இல் தந்தை இறந்தார். கண் பார்வை மங்கிப்போயிருந்த அந்தக் கிழவர், சாகும் முன் கடைசிப் பெண்ணை அணைத்து, அவளைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிட்டதாகவும், அவள் அவருக்கே உரியவளாக இருந்து அவரையே சேவிக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த வார்த்தையை ரமாபாய் கடைசிவரை மறக்கவில்லை. மதம் மாறிய பின்னும் தந்தையைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை.

அடுத்துத் தாய் போனாள். பாடை தூக்க ஆள் இல்லை. இரண்டு பேர் மட்டும் இரங்கி வந்தார்கள். மற்ற இரண்டு பக்கத்தை அண்ணன் சீனிவாசனும் ரமாபாயும் சுமந்தார்கள். ரமாபாய் குள்ளமானவர், தோளில் வைத்தால் சமன்படவில்லை என்று தலையில் தாங்கிக்கொண்டு நடந்தார். பிறகு அக்காளும் இறந்தாள்.

மிஞ்சிய இருவரும் பல நூறு மைல் நடந்து, 1878இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ரமாபாயின் சமஸ்கிருதப் புலமையைக் கண்டு பண்டிதர்கள் திகைத்தார்கள். பண்டிதா என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் கொடுத்தார்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு அந்தக் காலத்தில் அது சாமானியமான மரியாதை அல்ல. ஆனால் கடும் நோன்புகளுக்குப் பிறகும் மூடியே கிடந்த வானத்தை அவர் மறக்கவில்லை. பழைய நம்பிக்கை உதிர்ந்துகொண்டே வந்தது.

1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டு பிபின் பிகாரி தாஸ் என்ற வங்காள வக்கீலை, சாதி பார்க்காமல், பதிவுத் திருமணம் செய்துகொண்டார். 1881இல் மனோரமா என்ற பெண் குழந்தை. 1882 பிப்ரவரியில் கணவரைக் காலரா கொண்டுபோயிற்று. ரமாபாய்க்கு அப்போது 24 வயது நிறையவில்லை. கணவரின் புத்தகங்களுக்கிடையே வங்காளியில் அச்சான லூக்கா சுவிசேஷம் ஒன்று இருந்தது. 

வான்டேஜ் மடத்தில்

கைக்குழந்தையுடன் புனே வந்தார். ஆரிய மகிளா சமாஜம் தொடங்கினார். கல்வி பற்றி விசாரிக்க வந்த ஹன்டர் கமிஷன் முன், பெண்களுக்கு ஆசிரியைகளும் பெண் டாக்டர்களும் வேண்டும் என்று சாட்சியம் சொன்னார். தாமும் வைத்தியம் படிக்க எண்ணி 1883இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். காது மந்தமாக இருந்ததால் அந்தப் படிப்பு கைகூடவில்லை.

இங்கிலாந்தில் வான்டேஜ் என்ற ஊரிலிருந்த கன்னியர் மடத்தில் தங்கினார். லண்டனில் அந்தக் கன்னியர்கள், சமுதாயம் ஒதுக்கித் தள்ளிய பெண்களை அருவருப்பில்லாமல் தொட்டுப் பராமரிப்பதைக் கண்டார். இப்படியும் செய்வார்களா என்று வியந்து விசாரித்தபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணுடன் இயேசு பேசிய கதையைச் சொன்னார்கள். ரமாபாயின் மனம் அங்கே சாய்ந்தது. 1883 செப்டம்பர் 29இல் தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்தான், உடன் வந்திருந்த தோழி ஆனந்திபாய் பகத் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துக்கத்தோடுதான் அவர் ஞானஸ்நானத் தொட்டி அருகே நின்றார்.

வறட்சி ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அவருடைய ஞானத்தாயான சிஸ்டர் ஜெரால்டினுக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து 1977இல் புத்தகமாக வெளிவந்தது. படித்தால் மனம் கனக்கும். திரித்துவம், இயேசுவின் தெய்வத்தன்மை, விசுவாசப் பிரமாணம் என்று ரமாபாய் அடுக்கடுக்காகக் கேள்வி எழுப்புகிறார். ஜெரால்டின் அன்பானவர், மனோரமாவைத் தம் பிள்ளைபோல வளர்த்தவர். ஆனால் ரமாபாயின் கேள்விகளில் அவருக்குத் தெரிந்தது பெருமை மட்டுமே. கேள்வியை அடக்கிக்கொண்டு கீழ்ப்படியச் சொல்கிறார். தம் மனச்சாட்சியை யாரிடமும் அடகு வைக்க முடியாது என்று ரமாபாய் பதில் எழுதுகிறார். தாய் தந்தை, அக்காள், அண்ணன், கணவர், தோழி என்று அத்தனை பேரையும் பறிகொடுத்த ஒரு பெண்ணின் ஏக்கத்துக்கு, உபதேசத்தைக் கொண்டு பதில் சொன்னார்கள். பசித்தவனுக்குச் சமையல் புத்தகம் கொடுத்த கதைதான்.

1886இல் அமெரிக்கா போனார். உறவுக்காரரான ஆனந்திபாய் ஜோஷி டாக்டர் பட்டம் வாங்குவதைக் காணப் போனவர், மூன்று ஆண்டு அங்கேயே சுற்றிப் பேசினார். உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றி 1887இல் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். பாஸ்டன் நகரில் அவர் பெயரில் ஒரு சங்கமே அமைந்து, பத்து ஆண்டுகளுக்குப் பணம் தருவதாக ஏற்றுக்கொண்டது. 1889 மார்ச் 11இல் பம்பாய் சௌபாத்தியில் இளம் விதவைகளுக்காகச் சாரதா சதன் பள்ளியைத் திறந்தார். அடுத்த ஆண்டு அது புனேக்கு மாறியது. அங்கே முதலில் சேர்ந்த விதவையான கோதுபாயைத்தான் பின்னாளில் பேராசிரியர் கார்வே மறுமணம் செய்துகொண்டார்.

வெளியே பார்த்தால் எல்லாம் வெற்றி. இந்துக்கள் அவரை அளவுக்கு மீறிய கிறிஸ்தவர் என்றார்கள். பாதிரிமார்கள் அவரை அரைக் கிறிஸ்தவர் என்றார்கள். உள்ளே என்ன இருந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

நம்மில் சிலருக்கு இது தெரிந்த நிலைதான். நெல்லையிலோ நாகர்கோவிலிலோ இருந்தவரை ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனவர், பாடகர் குழுவில் பாடியவர், பிழைப்புக்காக இங்கே வருகிறார். ஷிப்ட் வேலை, நெரிசல் ரயில், ஓர் அறையில் ஆறு பேர். ஊர்க் கோவிலின் அசனப் பண்டிகைக்குப் பணம் மட்டும் ஒழுங்காகப் போகிறது. வேதப்புத்தகம் டிரங்குப் பெட்டிக்குள் துணியோடு துணியாகக் கிடக்கிறது. என்றைக்கு விட்டுப்போயிற்று என்று கேட்டால் ஒரு நாளைச் சுட்டிச் சொல்ல முடியாது. ரமாபாயின் நிலை இதைவிடச் சங்கடமானது. அவர் எதையும் விட்டுவிடவில்லை. படித்துக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும்தான் இருந்தார்.

ஒரு போதகரின் கதை

1891இல் அவர் கையிலிருந்த புத்தகங்களில் ஒன்றைப் புரட்டினார். வில்லியம் ஹாஸ்லம் என்ற ஆங்கிலப் போதகர் எழுதிய தன் வரலாறு அது. ஹாஸ்லம் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் குருவாக இருந்தவர். கோவில் கட்டினார், ஆராதனை நடத்தினார், மற்றவர்களுக்குப் போதித்தார். தம்மிடம் அடிப்படையான ஒன்று இல்லை என்பது அவருக்கே தட்டுப்பட்டது. 1851இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடையில் நின்று பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே அவர் மனம் திரும்பினார். தன் பிரசங்கத்தால் தானே மனம் மாறிய குரு என்று அந்த வட்டாரமே பேசிற்று.

ரமாபாய் இதைப் படித்து அதிர்ந்தார். குருப்பட்டம் பெற்றுப் பல ஆண்டு ஊழியம் செய்தவரே வெறுங்கையோடு நின்றார் என்றால், தம் கதை என்ன? நல்லதொரு மதம் தமக்குக் கிடைத்திருக்கிறது, அந்த மதத்துக்கு உயிரான கிறிஸ்து இன்னும் கிடைக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஞானஸ்நானம், பிரமாணங்கள், சேவை எல்லாவற்றையும் தாம் ஒரு படிக்கட்டாக வைத்து ஏறிக்கொண்டிருந்ததை உணர்ந்தார். சிறு வயதில் நோன்பும் தானமும் வைத்து ஏறிய அதே படிக்கட்டுதான். பெயர்ப்பலகை மட்டும் மாறியிருந்தது.

அதன்பின் அவர் புதிதாக ஒரு விரதமும் எடுக்கவில்லை. இன்னொரு சபைக்கும் தாவவில்லை. கொடுக்கத் தம்மிடம் ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டு, கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் நிலையில் நின்றார். ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவர் கதை சொல்லவில்லை. மனதின் கலக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கியது. தந்தை தம்மைக் கடவுளின் கையில் ஒப்படைத்தது வீண்போகவில்லை என்ற நிம்மதியும் கிடைத்தது.

பிறகு சாரதா சதனில் ஒரு சிறு மாறுதல். காலையில் மகளுடன் வேதம் வாசித்து ஜெபிக்கும்போது அறைக் கதவைச் சாத்தாமல் விட்டார். யாரையும் கூப்பிடவில்லை. சில பெண்கள் தாமாக வந்து உட்கார்ந்தார்கள். திறந்து கிடந்த அந்தக் கதவு 1893இல் பெரும் புயலாயிற்று. ரானடே, பண்டார்க்கர் போன்ற பெரியவர்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. இருபதுக்கு மேற்பட்ட பெண்களை வீட்டார் அழைத்துப் போய்விட்டார்கள். மதச் சார்பில்லாத பள்ளி என்று நம்பிப் பிள்ளைகளை அனுப்பியவர்களின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ரமாபாய் கதவை மூடவில்லை.

மீண்டும் பஞ்சம்

1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தது. செய்தி கேட்டதும் திருப்பதிக் காட்டின் பசி அவர் வயிற்றில் மறுபடியும் எரிந்திருக்க வேண்டும். நேரில் போனார். அநாதைப் பெண்களையும் விதவைகளையும் சேர்த்துக்கொண்டு வந்தார். ஏறத்தாழ 300 பேர். 1897இல் புனேயில் பிளேக் நோய் பரவியபோது, இத்தனை பேரை நகரத்துக்குள் வைத்திருக்கக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். கேட்காவில் ஏற்கனவே வாங்கிப் போட்டிருந்த நிலம் கைகொடுத்தது. முக்தி பிறந்தது அப்படித்தான்.

பாஸ்டன் சங்கத்தின் பத்து ஆண்டுக் கெடு 1898இல் முடிந்தது. அதற்குப்பின் நிலையான வருமானம் கிடையாது. 1900இல் குஜராத் பஞ்சம். முக்தியில் ஆட்கள் ஏறத்தாழ 2,000 ஆனார்கள். கிணறு வெட்டினார்கள், பயிர் வைத்தார்கள், தறி ஓட்டினார்கள், எண்ணெய் ஆட்டினார்கள், பால்மாடு வளர்த்தார்கள், அச்சகம் நடத்தினார்கள். கண்பார்வையற்ற பெண்களுக்குத் தடவிப் படிக்கும் எழுத்தைக் கற்பித்தார்கள்.

கொழுந்துவிட்ட 1905

இவ்வளவு நடந்தும் அம்மையாருக்கு ஒரு கவலை. இந்த 2,000 பேரில் பலர் பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருக்கிறார்கள். சோறும் துணியும் கிடைத்த இடத்தின் மதத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தம்முடைய பழைய வறட்சியையே அவர்களிடம் கண்டார். 1904இல் வேல்ஸ் நாட்டில் எழுப்புதல் மூண்ட செய்தி வந்தது. 1905 ஜனவரியில், விரும்புகிறவர்கள் தினமும் தம்முடன் ஜெபிக்க வரலாம் என்று சொன்னார். 70 பேர் வந்தார்கள். ஜூன் மாதத்தில் 550 பேர் ஆனார்கள். ஆறு மாதம் இப்படியே போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. இந்த ஆறு மாதத்தைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். பலன் தெரியாமல் தினமும் வந்து உட்கார்ந்த அந்தப் பெண்களைத்தான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஜூன் 29 விடியுமுன், ஒரு பெண் தன் உடலில் அக்கினி இறங்கியதாக உணர்ந்து விழித்தெழுந்தாள். அறையிலிருந்தவள் அவள்மேல் நெருப்பைக் கண்டு, வாளித் தண்ணீர் எடுத்து வர ஓடினாள் என்று சொல்வார்கள். மறுநாள் மாலை ரமாபாய் யோவான் சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரத்தை வழக்கம்போல அமைதியாக விளக்கிக்கொண்டிருந்தார். பெண்கள் ஒவ்வொருவராக உரக்க ஜெபிக்கவும் அழவும் தொடங்கினார்கள். காது மந்தமான அந்த அம்மையாரே பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று.

பல நாள் வகுப்புகள் நடக்கவில்லை. செய்த குற்றங்களைச் சொல்லி அழுதார்கள். ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டார்கள். இந்தச் சத்தம் வெறும் ஆவேசம் என்று வெளியிலிருந்து கண்டனம் வந்தது, கிறிஸ்தவர்களிடமிருந்தும்தான். ரமாபாய் தமக்கு அந்த விசேஷ அடையாளங்கள் வாய்க்கவில்லை என்பதை மறைக்கவில்லை. வாய்த்தவர்களை அடக்கவும் இல்லை. சத்தம் ஓய்ந்தபின் பெண்கள் அணி அணியாகச் சுற்றுக் கிராமங்களுக்குப் போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில், நம் நெல்லைச் சீமையில், ஏமி கார்மைக்கேல் அம்மையார் நடத்திய டோனாவூரிலும் இத்தகைய எழுப்புதல் உண்டாயிற்று.

கடைசி வேலை

கிராமத்துப் பெண்களுக்கு அன்றிருந்த மராத்தி வேதாகமம் எளிதில் விளங்கவில்லை. சமஸ்கிருதச் சொற்கள் மிகுதி. ஆகவே எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, முழு வேதாகமத்தையும் பேச்சு வழக்குக்கு நெருங்கிய மராத்தியில் தாமே மொழிபெயர்க்கத் தொடங்கினார். பதினைந்து வயதில் பாகவதத்தை மனப்பாடம் சொன்னவர், ஐம்பது வயதைத் தாண்டி உட்கார்ந்து சமஸ்கிருதச் சொற்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தார். இந்த வேலை பல ஆண்டு பிடித்தது. காது அநேகமாகக் கேட்காமல் போயிருந்தது.

தமக்குப்பின் முக்தியை மனோரமா நடத்துவாள் என்று நம்பியிருந்தார். 1921 ஜூலையில் மனோரமா இறந்துபோனாள். வயது நாற்பது. சொந்தம் என்று சொல்ல இருந்த கடைசி ஆளும் போயாயிற்று. கடவுள் மறுபடியும் தொலைவுக்குப் போய்விட்டார் என்று அவர் எண்ணியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மொழிபெயர்ப்பு மேஜைக்குத் திரும்பினார். மிச்சமிருந்த பக்கங்களைத் திருத்தி முடித்தார்.

1922 ஏப்ரல் 5இல் உறக்கத்தில் உயிர் பிரிந்தது. 64 வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. முழு வேதாகமம் 1924இல் முக்தி அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அதற்கு அச்சுக் கோத்தவர்களிலும் தாள் மடித்துத் தைத்தவர்களிலும், பஞ்ச காலத்தில் எழுத்தறியாமல் அங்கே வந்து சேர்ந்த பெண்கள் இருந்தார்கள்.